தீக்குழியில் நின்ற கால்

ஏழு வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊர் தர்மராஜா கோயில் தீமிதிக்கு மறுநாள், முனுசாமி என்ற மனிதரை விரதம் தப்பியவர் என்று ஊரே கேட்க மைக்கில் அறிவித்தேன். அது பொய். பொய் என்பதில் பாதி எனக்கு அன்றே தெரியும். மறுபாதியைப் போன மாசி மாதம் திருப்பதியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் அவருக்கு ஒரு கால் போயிருந்தது. எனக்கு ஒரு விரல் போயிற்று.

சர்க்கரை நோய் நரம்பை என்ன செய்யும் என்று நாலு பேருக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் குற்றத்தை விட்டுவிட்டு அதை மட்டும் எழுதினால் இன்னொரு முறை பாடம் நடத்தியவனாகத்தான் ஆவேன். ஆகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஆந்திராவில், விஜயபுரம் மண்டலத்தில் இருக்கிறது. வயலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. முப்பத்து நான்கு வருடம் தமிழ் வழிப் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் கோயில் கமிட்டித் தலைவரானேன். வைகாசியில் பதினெட்டு நாள் பாரதம் படிப்பார்கள். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி, மறுநாள் பட்டாபிஷேகம். தீமிதிக்குப் பத்து நாள் முன்பு காப்புக் கட்டிக்கொண்டு, மஞ்சள் துணி உடுத்தி, ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருப்பார்கள். காலனிக்காரர்களுக்குத் தீக்குழியில் இறங்க வெகுகாலம் இடம் கொடுக்கவில்லை. பெரிய சண்டைக்குப் பிறகு கொடுத்தோம். காலனியிலிருந்து முதல் காப்பைக் கட்டிக்கொண்டவர் முனுசாமி. எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவர். மூன்று வருடம் இறங்கி, மூன்று வருடமும் ஒரு கொப்புளம் இல்லாமல் ஏறினார்.

நான்காம் வருடம் காப்புக் கட்டும் நாளில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "சார், காலு பஞ்சு மேல நடக்கறாப்ல கீது. வழியில செருப்பு கழண்டு பூட்ச்சி, ஊட்டுக்கு வந்துதான் பாத்தேன்." அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். அம்மன் பார்த்துக்கொள்வாள், போ என்றேன். கையில் நிறைய வேலை இருந்தது.

பத்து நாள் கழித்து, தீமிதியன்று மாலை, தீக்குழியில் பாதி தூரம் வந்தவர் தடுமாறி நின்றுவிட்டார். கால் எங்கே பதிகிறது என்று குனிந்து பார்த்தார். பார்த்துப் பார்த்து மெதுவாக நடந்து ஏறினார். முகத்தில் வலியே இல்லை. ஜனங்கள் பரவசமாகக் கோவிந்தா போட்டார்கள். மறுநாள் பட்டாபிஷேகத்துக்கு எல்லோரையும் போல நடந்துதான் வந்தார். அவர் நடந்த சிமெண்டுத் தரையில் ஈரத் தடம் விழுந்தது. யாரோ காலைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு பாதமும் வெந்து தோல் உரிந்திருந்தது.

காலனிக்கு இடம் கொடுத்ததை விரும்பாதவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். விரதம் காத்தவனைத் தீ தொடாது, தொட்டால் அவன் தப்பியவன் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நானோ வகுப்பில் வெப்பக் கடத்தல் நடத்தியவன். சாம்பல் பூத்த தணல் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது, வேகமாகக் கடப்பவன் பாதம் வேகாது, நின்றால் யாராக இருந்தாலும் வேகும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன். அதை அன்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தலைவர் பதவியில் அடுத்த வருடம் இருந்திருக்க மாட்டேன். முனுசாமி கையைக் கூப்பி, பெண்சாதி மேல் சத்தியம் செய்து, விரதம் தப்பவில்லை என்றார். நான் மைக்கை வாங்கி, "விரதம் தப்பினவரை அக்கினி காட்டிக் கொடுத்துவிட்டது" என்றேன். காலனிக்காரர்கள் இனி சில வருடம் இறங்க வேண்டாம் என்ற தீர்மானத்தையும் நானே வாசித்தேன்.

அவர் ஊரை விட்டுத் திருப்பதிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

*

எனக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருடம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை. பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் பத்தியம் இருந்து, ரத்தத்தில் சர்க்கரை குறைவாகக் காட்டும்படி செய்துவிடுவேன். டாக்டரை ஏமாற்றியதாக நினைத்துக்கொள்வேன்.

நாலைந்து வருடம் முன்பு பாதத்தில் எரிச்சல் தொடங்கியது. படுத்தால் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கும். போர்வை பட்டாலே தாங்காது. என் மனைவி சரோஜா ஈரத்துணி சுற்றி விடுவாள். ஒன்றிரண்டு வருடம் அப்படி இருந்து பிறகு தானாகக் குறைந்தது. ஒரு நாள் சுத்தமாக நின்றுபோயிற்று. குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அக்கம்பக்கத்தில் எரிச்சல் உள்ள இரண்டு பேருக்கு நான் தின்ற மாத்திரையைச் சிபாரிசு கூடச் செய்தேன். படித்தவன் செய்த மடத்தனங்களில் இது ஒன்று. எரிச்சல் என்பது நரம்பு அடிபடும்போது போடும் சத்தம். எரிச்சல் நின்றது எனக்கு, நரம்பு செத்ததால்.

தை மாதம் நெல் அறுவடை நடக்கும்போது வெறுங்காலோடு களத்தில் சுற்றினேன். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த சரோஜா கூப்பிட்டாள்.

"யார் கால்லயோ அடிபட்டுக்கீது. பாருங்கோ, ஊடு பூரா கோடு கோடா ரத்தம்."

நானும் எழுந்து அவளோடு சேர்ந்து தேடினேன். குளியலறை வாசலில் தொடங்கிய கோடு சாமி அறையைச் சுற்றி, கூடத்தைத் தாண்டி, என் நாற்காலியில் வந்து நின்றது. இரண்டு பேரும் என் காலைப் பார்த்தோம். வலது பாதத்தில் இரண்டாவது விரலுக்கு அடியில் ஒரு வேலிக்காத்தான் முள் முறிந்து உள்ளேயே இருந்தது. சுற்றிலும் சதை கறுத்துப்போயிருந்தது. சரோஜா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வலிக்கலையா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்து, பத்து நாள் கட்டுப் போட்டார்கள். புண் வாய் மூடிக்கொண்டது, ஆனால் விரல் வீங்கி, சிவந்து, கட்டை போல ஆனது. குளிர் காய்ச்சல் வந்தது. அங்கிருந்த டாக்டர் நேர்மையானவர். இனி இங்கே வைத்திருப்பது சரியில்லை, திருப்பதிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மகன் பாஸ்கர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, காரின் பின் சீட்டில் என் காலைத் தலையணை மேல் வைத்து அழைத்துப்போனான். ஓய்வூதியர் அட்டை இருந்ததால் பெரும்பாலான செலவு அதில் போயிற்று. போகாததைப் பாஸ்கர் என்னிடம் காட்டவில்லை.

*

திருப்பதி ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்த வார்டில் எல்லோருக்கும் காலில்தான் கட்டு. காளஹஸ்தி லாரி டிரைவர், புத்தூர் நெசவாளி, ஓட்டலில் தோசைக்கல் முன்னால் இருபது வருடம் நின்றவர், மாவரைக்கும் மில்காரர். வந்த வழி வேறு வேறு. ஒருவருக்குச் செருப்பு கடித்தது, ஒருவருக்குச் சுடுதண்ணீர், ஒருவருக்கு நகம் வெட்டியபோது பட்ட காயம். கதை ஒன்றுதான்: வலிக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். கடப்பை பக்கத்துக்காரர், தெலுங்கில்தான் பேசினார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொடப்போவதாகவும் தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது அந்த இழை. குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் வளைந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். அந்த அழுத்தம் கூடத் தெரியவில்லையென்றால் பாதத்துக்குக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டேன். முடித்துவிட்டேன் என்றார்.

பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இசைக்கவை. முப்பத்து நான்கு வருடம் என் மேஜை இழுப்பறையில் கிடந்த பொருள். ரப்பர் துண்டில் தட்டி, நெட்டிப் பந்தின் பக்கத்தில் கொண்டுபோய், பந்து துள்ளுவதைக் காட்டி, அதிர்வு என்றால் இதுதான் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன். டாக்டர் அதைத் தட்டி அதன் அடியை என் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார். கவை அதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது. காதுக்கும் கேட்கிறது. விரலுக்கு ஒன்றுமே இல்லை. கணுக்காலில் வைத்தார், இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் வைத்தபோதுதான் தூரத்து மோட்டார் போல லேசாக வந்தது. நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் அவர் உட்கார்ந்து விளக்கினார். நான் புரிந்துகொண்டதை என் தமிழில் சொல்கிறேன்.

நரம்பு என்பது சேதி கொண்டுபோகும் கம்பி மட்டும் இல்லை, உயிருள்ளது. அதற்கும் சோறு வேண்டும். மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் அதற்குச் சோறு போடுகின்றன. வருடக் கணக்கில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் அந்தக் குழாய்கள் தடித்து அடைபடும். நரம்புக்குள்ளும் சர்க்கரை புகுந்து அதன் வேலையைக் கெடுக்கும். உடம்பிலேயே நீளமான நரம்பு இடுப்பிலிருந்து கால் விரல் நுனி வரை போவது. நீளமான கம்பியின் கடைசி முனைதான் முதலில் பட்டினி கிடக்கும். அதனால்தான் இரண்டு காலிலும் ஒன்றுபோல, விரல் நுனியில் தொடங்கும். பிறகு காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்கால் கிட்டே வரும்போது கை விரல் நுனியிலும் தொடங்கிவிடும். சட்டைப் பித்தானைப் போடத் தடுமாறுகிறீர்களா என்று கேட்டார். ஒரு வருடமாகச் சரோஜாதான் போட்டு விடுகிறாள் என்றேன். வயசு என்று நினைத்திருந்தோம்.

போவது உணர்ச்சி மட்டும் இல்லை. தசைக்குப் போகும் நரம்பு கெட்டால் விரல்கள் கொக்கிபோல மடங்கி, பாதத்தின் பாரம் ஒரே இடத்தில் விழும். வியர்வைக்குப் போகும் நரம்பு கெட்டால் தோல் வறண்டு வெடிக்கும். ரத்தக் கொதிப்பு, பீடி, சாராயம் மூன்றும் இதை வேகப்படுத்தும். சர்க்கரை மாத்திரையை நீண்ட நாள் தின்பவர்களுக்கு ஒரு வைட்டமின் குறைந்து அதனாலும் மரத்துப்போகலாம் என்று அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். சிலருக்குச் சர்க்கரை இருப்பது தெரிவதற்கு முன்பே நரம்பு கெடத் தொடங்கியிருக்குமாம். செத்த நரம்பை எழுப்ப மருந்து இல்லை, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லி எழுந்தார்.

எக்ஸ்ரேயில் இரண்டாவது விரலின் எலும்பு ஓரம் கரையான் அரித்தது போல இருந்தது. சீழ் எலும்புக்குள் போய்விட்டது. காலுக்கு ரத்தம் நன்றாக ஓடுகிறதா என்று வேறு ஒரு கருவியால் பார்த்தார்கள். ஓடியது. அது என் அதிர்ஷ்டம், விரலோடு நிற்கும் என்றார்கள். கையெழுத்துப் போடும் தாளைப் பாஸ்கர் நீட்டினான். நான் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

*

விரலை எடுத்த இரண்டாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்குத் தயாளன் என்ற ஆட்டோக்காரர் வந்தார். சத்தியவேடு. நாற்பது வயது இருக்கும், வாய் ஓயாது. பங்குனி பிறப்பதற்கு முன்பே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் உச்சிப் பொழுதில் வெறுங்காலோடு திருமலைக்குப் படியேறியிருக்கிறார். வேண்டுதல். பாதம் முழுக்கக் கொப்புளம்.

"ஒரு கல்லு குத்தல சார், ஒரு சூடு தெர்ல. கூட வந்தவன்லாம் எகிறி எகிறி குதிக்கிறான். நான் பாட்டுக்குப் போய்க்கினே கீறேன். சாமியே நம்மளத் தூக்கிக்கினு போறாருடான்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி" என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் கண் கலங்கியது.

டாக்டர் வந்து அவர் பாதத்தை அழுத்தி, "நொப்பி லேதா?" என்றார். வலி இல்லையா என்று கேட்கிறார். சுத்தமாக இல்லை என்று தயாளன் பெருமையாகத் தலையாட்டினார். டாக்டர் அதே இழையை எடுத்தார். அதே இசைக்கவையைத் தட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மண்டைக்குள் சிமெண்டுத் தரையில் ஈரத் தடம் விழுந்துகொண்டிருந்தது. முகத்தில் வலியே இல்லாமல் குனிந்து, காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த மனிதர். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று முன்கூட்டியே என்னிடம் வந்து சொன்னவர். கால் எங்கே இருக்கிறது என்பதையும் நரம்புதான் சொல்ல வேண்டும். அவருக்கு அது சொல்லவில்லை. அதனால் நின்றார். நின்றதால் வெந்தார்.

சரோஜா கஞ்சி கொண்டுவந்தபோது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "இப்ப சொல்றீங்கோளே, அன்னிக்கு நான் சொன்னன் இல்ல. பொண்டாட்டி மேல சத்தியம் பண்றவன் பொய் சொல்ல மாட்டான்னு." ஆமாம், சொன்னாள். உனக்கு என்ன தெரியும் என்று அவளை அடக்கியதும் நினைவு வந்தது.

கர்நாடக எல்லையில் குப்பம் என்ற ஊரைச் சேர்ந்த நர்ஸ் பாக்யாவுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நகரி பக்கத்திலிருந்து முனுசாமி என்று, வலது கால் எடுத்தவர் யாராவது இங்கே வருவதுண்டா என்று கேட்டேன். "கட்டைக்கால் முனுசாமி அண்ணாவா? செவ்வாய்க்கெழமை பாத கிளினிக்குக்கு வருவாரு. லாட்ஜுல வாட்ச்மேன். ஏன் சார், சொந்தமா?" என்றார். எங்கள் ஊர் என்று மட்டும் சொன்னேன்.

*

செவ்வாய்க்கிழமை பாஸ்கர் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். நீளப் பெஞ்சில் முனுசாமி உட்கார்ந்திருந்தார். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழப் பார்த்து, கால் இல்லாததால் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் நான் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. கட்டுப் போட்ட என் காலைப் பார்த்து, "உங்களுக்குமா சார்" என்றார். குரலில் கேலி இல்லை.

நீ விரதம் தப்பவில்லை முனுசாமி என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் அல்லது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழம்பிப்போனார். பிறகுதான் எனக்கு அது புரிந்தது. ஏழு வருடமாக அவரே அதை நம்பிக்கொண்டிருந்தார்.

"தேடிக்கினே கீறேன் சார், எங்க தப்புனேன்னு. காப்பு கட்டுன நாலாம் நாள் ஒரு ஊட்ல டீ குடிச்சேன். அது எழவு ஊடுன்னு அப்புறந்தான் தெரிஞ்சிது. அதுவா இருக்குமோ. ஒரு நாள் கனவுல கறி துன்னேன். அதுவா இருக்குமோ. எம் பொண்டாட்டி கிட்ட கூட இந்தக் கதய சொன்னது கெடையாது. காலு போனதும், சரி, அம்மன் வாங்கிக்கினாங்கன்னு வுட்டுட்டேன்."

நான் நரம்பைப் பற்றிச் சொன்னேன். நீளமான கம்பியின் கடைசி முனை, இழை, இசைக்கவை, எல்லாம் சொன்னேன். அந்தச் சோதனைகளை அவருக்கும் செய்திருந்தார்கள், ஆனால் அவர் அதையும் தீமிதியையும் சேர்த்துப் பார்த்ததில்லை. தணல் யாரைச் சுடும், யாரைச் சுடாது என்பதையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் மாறியது. அதுவரை நீங்கள் என்றவர் நீ என்றார்.

"தணலு நின்னா சுடும், நடந்தா சுடாது. இது உனக்கு எப்போ தெரியும்?"

"முன்னாலேயே தெரியும்."

"எட்டாங்கிளாஸ்ல எங்களுக்குக் கூட சொன்ன."

"சொன்னேன்."

"தெரிஞ்சிக்கினேதான் மைக்குல சொன்ன."

ஆமாம் என்றேன். நரம்பு சங்கதி மட்டும்தான் இப்போது தெரிந்தது என்று சேர்த்துச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் செயற்கைக் காலை எடுத்து மாட்டத் தொடங்கினார். வாரை இழுத்துக் கட்டினார். பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட சொல்றதுல இன்னா கீது? மைக்குல சொன்ன, மைக்குல சொல்லு" என்று சொல்லிவிட்டு, தன் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனார்.

*

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறும் வரை அந்தப் பாதத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்று பாரம் விழாதபடி ஒரு கட்டுப் போட்டிருந்தார்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றேன். தினமும் மாலையில் சரோஜா கண்ணாடி போட்டுக்கொண்டு என் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறாள். இத்தனை வருடத்தில் நான் அவள் பாதத்தைப் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது. அவளுக்கும் சர்க்கரை உண்டு. அவளை உட்கார வைத்து நானும் பார்க்கத் தொடங்கினேன். கூச்சத்தில் முதல் வாரம் சேலையை இழுத்து இழுத்து மூடினாள்.

வைகாசி வந்தது. இப்போது கமிட்டித் தலைவர் என் பங்காளி தேவராஜ். காப்புக் கட்டும் நாளில் இரண்டு நிமிடம் மைக் வேண்டும் என்று கேட்டேன், எதற்கு என்பதையும் மறைக்கவில்லை. அவன் வீட்டுக்கே வந்து தடுத்தான். "முடிஞ்சி போன கதய ஏன் கெளறீங்கோ? ஆஸ்பத்திரி போய்ட்டு வந்தவன் பயத்துல பேசறான்னு சொல்வாங்கோ. காலனியில மறுபடியும் தகராறு ஆரம்பிக்கும்." ஆரம்பிக்கட்டும் என்றேன். மைக் கொடுக்காவிட்டால் கோயில் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் ஒவ்வொருவரிடமும் சொல்வேன் என்றேன். நான் பிடிவாதக்காரன் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பிடிவாதம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

பாஸ்கர் சக்கர நாற்காலியைப் பந்தலுக்குள் ஏற்றினான். பேசினேன். ஏழு வருடம் முன்பு இதே இடத்தில் முனுசாமி விரதம் தப்பியதாக நான் சொன்னது பொய், அவருக்குச் சர்க்கரையால் காலில் உணர்ச்சி இல்லாமல் போயிருந்தது, அதை முன்கூட்டியே என்னிடம் சொன்னார், நான் காது கொடுக்கவில்லை, பதவிக்காகப் பொய் சொன்னேன் என்றேன். கூட்டத்தில் ஒருவர், அப்படியானால் அம்மன் சக்தி பொய்யா என்று கேட்டார். பொய் சொன்னது நான், அம்மன் இல்லை என்றேன். சிலர் எழுந்து போனார்கள். காலனிக்காரர்கள் வெளியே ரோட்டில் நின்று கேட்டார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை.

டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த இழையை ஊர் சுகாதாரப் பணியாளர் பெண்ணிடம் கொடுத்திருந்தேன். காப்புக் கட்ட வந்தவர்களின் பாதத்தை அவள் தொட்டுப் பார்த்தாள். ஆறு பேருக்குத் தொட்டது தெரியவில்லை. அதில் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை இருப்பதே அதுவரை தெரியாது. அழுதாள். நெருப்பில் இறங்குவதற்குப் பதில் பூக்கரகம் எடுக்கலாம் என்று பூசாரி அவளுக்கு வழி சொன்னார். அவளையும் சேர்த்து ஐந்து பேர் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். ஒருவர், உன் நூலை நம்பவா என் அம்மனை நம்பவா என்று சொல்லிவிட்டுக் காப்பைக் கட்டிக்கொண்டு போனார். தேவராஜ் காலைக் காட்டவே மறுத்துவிட்டான்.

அடுத்த செவ்வாய் கிளினிக்கில் முனுசாமியைப் பார்த்தேன். யாரோ என் பேச்சைப் போனில் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

"கேட்டேன். நல்லாத்தான் சொன்ன. ஆனா ஊர்ல மூணு முனுசாமி கீறான் சார். ஒருத்தன் இப்பவே நாந்தான் அதுன்னு டீக்கடையில சொல்லிக்கினு கீறானாம். காலனி முனுசாமின்னு சொல்ல வாய் வரல இல்ல உனக்கு?"

அவர் சொன்னது உண்மை. காலனி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். அதையும் சொன்னால் தீர்மானத்தையும் சொல்ல வேண்டி வரும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

பட்டாபிஷேகத்தன்று தேவராஜ் மைக்கைக் கொடுக்கவில்லை. பாரதம் படிக்க வந்த பிரசங்கியார் தன் மைக்கை என் பக்கம் திருப்பி வைத்தார். காலனி கிழக்குத் தெரு, ராமக்கா மகன் முனுசாமி என்று பெயர் சொன்னேன். காலனிக்காரர்களைத் தடுத்த தீர்மானத்துக்கு வேறு எந்தக் காரணமும் கிடையாது, அந்தப் பொய்தான் காரணம், பொய் போனபின் தீர்மானமும் போக வேண்டும் என்றேன். கமிட்டி அதை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தது. இதை எழுதும் வரை கூட்டம் நடக்கவில்லை. கோயில் மரியாதைப் பட்டியலிலிருந்து என் பெயரை மட்டும் உடனே எடுத்தார்கள். தீர்மானம் பற்றி வாரா வாரம் எழுதிக் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

முனுசாமி என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்கடுத்த செவ்வாய் பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். என் புண் ஆறிவிட்டதா என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன். பிறகு, மிச்சமிருக்கிற அந்த ஒரு காலைச் சுட்டிக்காட்டி, பெண்சாதி ஊரிலேயே இருப்பதால் லாட்ஜ் ரூமில் அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை, குனிந்தால் தனக்கு அடிப்பாதம் தெரிவதில்லை, கிளினிக்குக்கு வரும் அன்று மட்டும்தான் பார்க்கிறார்கள் என்றார்.

"கண்ணாடி போட்டுக்கினு கீறியே, பாரு" என்றார்.

நான் அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தேன். குதிகாலைப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கு அடியில், தடித்த தோலின் நடுவே, கறுப்பாக ஒரு சின்ன வெடிப்பு. அழுத்தினேன், அவருக்குத் தெரியவில்லை. சொன்னேன். அவர் காலை இறக்கிக்கொண்டு, தன் முறை வரும் வரை காத்திராமல், பாக்யா சிஸ்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி உள்ளே போனார்.